குளத்தில் போன மாமா

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் முதன்முதலாக ரிவர்ஸ் எடுத்த இடம் கல்லறைத் தோட்டத்து வாசல். மீதிப் பேர் எடுத்தது இறப்புப் பதிவு அலுவலகத்தின் பின்பக்கச் சந்தில். இரண்டுக்கும் காரணம் கிளட்ச் அக்கா.

கிளட்ச் அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஓட்டுநர் பள்ளியின் பெயர்ப்பலகையில்கூட அதைத் தேடித்தான் படிக்க வேண்டும். பயிற்சிக்கு வந்தவர் ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் "கிளட்ச்! கிளட்ச்!" என்று அவள் போடுகிற சத்தம் தெருக்கோடி வரை கேட்கும், அதுவே பெயராகிவிட்டது. ஆனால் கோபக்காரி இல்லை. கத்தி முடித்த கையோடு அவளே சிரித்துவிடுவாள். நல்ல உருண்டையான உடம்பு. சிரித்தால் கண்கள் காணாமல் போகும், காரும் சேர்ந்து குலுங்கும். வண்டிதான் ஏதோ கோளாறாகி ஆடுகிறது என்று பயந்து, கற்றுக்கொள்ள வந்தவர் பிரேக்கை ஓங்கி மிதித்துவிடுவார்.

அவளுக்கும் செத்தவர்களுக்கும் சம்பந்தம் ஏற்பட்டது அவளுடைய அம்மாவால். அம்மாவுக்கு ஒரே ஒரு அண்ணன். அம்மா சின்னப் பெண்ணாக விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது, அந்த அண்ணன் ஓட்டத் தெரியாமலே அப்பாவின் புத்தம்புதுக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பி, ஊர்க்கோடிக் குளத்தில் இறக்கிவிட்டார். விடுதிக் காப்பாளர் கூப்பிட்டு, "உங்க அண்ணன் இறந்துட்டதா பேப்பர்ல வந்திருக்கும்மா" என்று சொல்லி ஒரு பிஸ்கட்டையும் கையில் கொடுத்தார். லீவுக்கு வீட்டுக்கு வந்தால் காரும் இல்லை, அண்ணனும் இல்லை. தாய் முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். அப்பா ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "எல்லாம் குளத்தோட போச்சு." பிறகு அந்த வீட்டையும் காலிசெய்து ஊரின் மறுகோடிக்குக் குடிபோனார். அவரிடம் மறுகேள்வி கேட்கிற தைரியம் அந்தக் காலத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

அன்றிலிருந்து அம்மா எந்தக் காரிலும் ஏறியதில்லை. கல்யாணமாகிப் போனபோதும் பஸ்ஸில்தான் போனாள். "ஓட்டத் தெரியாததால நம்ம வீட்டுல ஒரு உயிர் போச்சு" என்று அவள் சொல்லிச் சொல்லி வளர்த்ததன் பலன், மகள் ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளாக ஆனாள். ஆனால் மகள் ஓட்டும் காரில் ஏறச் சொன்னால், அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடப்பாள். குளத்துப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு பூவை வீசிவிட்டு வருவாள். கூடவே ஒரு முணுமுணுப்பும் இருக்கும்: "என் சிவப்புக் குடையையும் சேத்து எடுத்துட்டுப் போயிட்டான், பாவி." அந்தக் குடை காருக்குள் கிடந்ததாம்.

"உனக்கு என்னம்மா வேணும்?" என்று ஒருநாள் அக்கா கேட்டாள்.

"அண்ணனை எங்க புதைச்சாங்கன்னு தெரியணும். வேற ஒண்ணும் வேண்டாம். இத்தனை வருஷமா தண்ணிக்கே பூ போட்டுட்டு இருக்கேன். அவன் தலைமாட்டுல ஒரு தடவை வைக்கணும்."

இவ்வளவுதானே என்று கிளம்பிய கிளட்ச் அக்கா, மாமாவைத் தவிர ஊரில் செத்த மற்ற எல்லோரையும் கண்டுபிடித்துவிட்டாள்.

பதிவேட்டில் மாமாவைத் தேடிக்கொண்டு போனால் வழியில் யாராவது மறித்துக்கொள்வார்கள். பெயின்ட் கடைக்காரரின் பாட்டன் கண்ணில் படுவார். அவரை விட்டுவிட்டு எப்படி வருவது? பேரனிடம் போய்ச் சொல்வாள். பேரன் தன் மாமனார் வீட்டையும் கொஞ்சம் பார்க்கச் சொல்வார். இப்படியே பரவி, வம்சாவளி தேடுகிற ஊர்க்காரர்கள் எல்லோரும் கடைசியில் ஓட்டுநர் பள்ளி வாசலுக்கு வந்து நின்றார்கள். பாடமும் நடக்கும், தேடலும் நடக்கும். "நேரா போங்க, லெஃப்ட்ல திரும்புங்க, பதிவு ஆபீஸ் முன்னாடி ஓரங்கட்டுங்க. இன்ஜினை அணைச்சிடாதீங்க, ஒரு பெரியம்மாவைப் பாத்துட்டு ஓடி வந்துடறேன்" என்பாள். அந்தப் பெரியம்மா செத்து ஒரு தலைமுறை ஆகியிருக்கும்.

தொழில் பழகப் பழக அவளுக்கு ஒரு சட்டமும் பிடிபட்டது. பத்திரிகையில் வரும் மரண அறிவிப்பு பாசத்தில் பொய் சொல்லும். அலுவலகப் பதிவேடு தூக்கக் கலக்கத்தில் தப்பு சொல்லும். இரண்டும் ஒத்துப்போனால்தான் ஆள் செத்தார் என்று ஒப்புக்கொள்ளலாம். பெயின்ட் கடைப் பாட்டன் பத்திரிகையில் "அமைதியாக இயற்கை எய்தினார்". பதிவேட்டிலோ, பக்கத்து வீட்டுக் கூரைமேல் ஏறிச் சண்டைபோட்டபோது விழுந்தார். பேரனுக்கு ஒரே பெருமை. கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

"இந்த ஊருல கெட்டவன் ஒருத்தன்கூட செத்ததே இல்ல, கவனிச்சீங்களா?" என்பாள் அக்கா. "பேப்பர்ல பாருங்க, அத்தனை பேரும் தங்கம். அப்ப கெட்டவங்கள்லாம் இன்னும் உயிரோடதான் சுத்திட்டு இருக்காங்க. அதனால கண்ணாடியைப் பாத்து ஓட்டுங்க."

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவளுக்கு அந்தப் பத்திரிகைமேல் நிஜமான எரிச்சல். யாராவது இறந்துபோனால் மகன்கள் பெயரைப் போடுவார்கள். மகள் கல்யாணமானவளாக இருந்தால் அவள் பெயரை விட்டுவிட்டு மருமகன் பெயரைப் போடுவார்கள். அது அவர்களின் பழைய வழக்கம். பெண்கள் எல்லோரும் கல்யாணத்தோடு காற்றில் கரைந்துபோன மாதிரி இருக்கும். "பெத்தவர் சாகறப்ப அழுதது இவ, பேரு மட்டும் அவனுக்கா?" என்று வாசித்துக்கொண்டே திட்டுவாள்.

மாமா மட்டும் பதிவேட்டில் அகப்படவே இல்லை. அந்த வருஷம், அதற்கு முன்வருஷம், பின்வருஷம் எல்லாம் பார்த்தாயிற்று. நீரில் மூழ்கியவர்கள், அடையாளம் தெரியாதவர்கள் என்று தனியாக இருந்த பக்கங்களையும் பார்த்தாயிற்று. பத்திரிகையில் பார்க்கலாம் என்றால், பழைய இதழ்கள் இருந்த அறை கூரை ஒழுகியதால் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. கூரையைச் சரிசெய்து அறையைத் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது, காரில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவர் பல் டாக்டர்.

பல் டாக்டர் ஓட்டுநர் தேர்வில் தோற்றுத் தோற்று அந்த அலுவலகத்துக்கே பழக்கமானவர். அடுத்தவர் வாய்க்குள் எந்த ஆயுதத்தையும் நடுங்காமல் விடுகிற அவருடைய கை, கியரைத் தொட்டால் மட்டும் ஆடும். "பத்திரிகை ஆபீசுக்கு விடுங்க டாக்டர்! ஹாரன் அடிச்சுக்கிட்டே போங்க!" என்று அக்கா குதித்ததில் அவர் வைப்பரைப் போட்டுவிட்டார். நல்ல வெயிலில் வைப்பர் ஆட, கார் பத்திரிகை ஆபீஸ் போய்ச் சேர்ந்தது.

பழுத்த காகிதங்களைப் புரட்டிப் புரட்டி இருவருக்கும் மாறி மாறித் தும்மல் வந்தது. கடைசியில் அக்கா ஒரு கட்டத்தின்மேல் விரலை வைத்தாள். மாமாவின் பெயர் இருந்தது. காலமானார் என்று இருந்தது. தாத்தாவின் பெயர் கீழே இருந்தது. அவ்வளவுதான், இரண்டே வரி. அதற்கும் கீழே: "யாரும் வீட்டுக்கு வந்து விசாரிக்க வேண்டாம்."

அக்கா அந்த இரண்டு வரியையும் மறுபடி மறுபடி படித்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"என்ன அக்கா, கிடைச்சிடுச்சே? சந்தோஷப்படாம?"

"டாக்டர், இதுல எப்ப செத்தாருன்னு இல்ல. எங்க அடக்கம்னு இல்ல. நல்லவர்னு ஒரு வார்த்தை இல்ல. இந்தப் பேப்பர்ல யாராவது நல்லவரா இல்லாம செத்திருக்காங்களா?"

பல் டாக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "பதிவு ஆபீஸ்லயும் இவர் இல்ல. அப்படித்தானே? எங்கிட்ட ஒருத்தர் பல்லைப் பிடுங்கியாச்சுன்னு சொன்னா, வாயைத் திறந்து காட்டுங்கன்னுதான் சொல்வேன். பிடுங்கியிருந்தா அங்க ஒரு பள்ளம் இருக்கணும். இங்க பள்ளத்தையே காணோமே."

அக்கா அவரையே பார்த்தாள். அவள் உடம்பு மெல்லக் குலுங்க ஆரம்பித்தது. முதலில் தோள், பிறகு வயிறு, பிறகு மேஜை. "தாத்தா தலைமுழுகியிருக்காரு! காரைக் குளத்துல விட்டதுக்குக் கோவத்துல பெத்த புள்ளையைப் பேப்பர்ல போட்டுத் தலைமுழுகியிருக்காரு டாக்டர்! மாமா சாகவே இல்ல!"

அறையைப் பார்த்துக்கொள்கிறவர் எட்டிப்பார்த்து, "இங்க சத்தம் போடக் கூடாது" என்றார். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அறையைப் பார்த்துக்கொள்கிறவர் என்ன விஷயம் என்று கேட்டு, அவரும் சிரித்தார்.

வீட்டுப் படியேறும்போதுதான் அக்காவுக்குச் சிரிப்பு நின்றது. அம்மா சன்னலோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவளிடம் எப்படிச் சொல்வது? அன்று சாகவில்லை என்பது சரி. அதற்கப்புறம் எத்தனையோ காலம் ஓடிவிட்டது. அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லிவிட்டு, பிறகு வேறு ஊர்ப் பதிவேட்டில் அவரைக் கண்டுபிடித்தால்? ஒரு தடவை அண்ணனைப் பறிகொடுத்தவளை மறுபடியும் பறிகொடுக்க வைப்பதா?

"என்ன, திருடன் மாதிரி நிக்கற?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. பல் டாக்டர் இன்னைக்கு ஒரு மாட்டைக்கூட இடிக்கல. அந்தச் சந்தோஷம்."

உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ, அவரை எங்கே தேடுவது? செத்தவர்களைத் தேடத் தெரிந்த அளவுக்கு உயிரோடு இருப்பவர்களைத் தேட அக்காவுக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். மரண அறிவிப்புப் பக்கத்தைப் படிக்கிறவர்களை அவள் அறிவாள், அவளே அந்த ரகம்தான். ஒருதடவை அந்தப் பக்கத்தில் சொந்தப் பெயரைப் பார்த்த மனிதர் அதைப் படிப்பதை நிறுத்தவே மாட்டார். மறுநாள் பத்திரிகையின் அறிவிப்பு மேஜைக்குப் போனாள்.

அவள் எழுதிக் கொடுத்ததை மேஜைக்காரர் படித்தார். "இந்தப் பத்திரிகையில் முன்பு காலமான என் மாமாவுக்கு: காரைப் பற்றி இப்போது யாருக்கும் கோபம் இல்லை. உயிரோடு இருந்தால் குளத்துச் சாலை ஓட்டுநர் பள்ளிக்கு வரவும்." மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவையும் படித்தார்.

"காணாமல் போனவங்க பக்கத்துல போடறேம்மா."

"வேண்டாம். மரண அறிவிப்புப் பக்கத்துலயே போடுங்க."

"அந்தப் பக்கத்துல உயிரோட இருக்கறவங்களைப் போடறது இல்ல."

"ஏற்கெனவே போட்டிருக்கீங்க சார். இவரைத்தான் போட்டிருக்கீங்க."

மேஜைக்காரர் ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். அறிவிப்பு வந்தது, நாலாபக்கமும் கறுப்புக் கட்டம் கட்டி.

அதற்குப் பிறகு ஓட்டுநர் பள்ளியின் தொலைபேசிக்கு ஓய்வே இல்லை. ஒருவர் தான்தான் மாமா என்றார். கார் எதையும் குளத்தில் விட்டதில்லை, ஆனால் தேவையென்றால் விடத் தயார் என்றார். இன்னொரு பெண்மணி, "எங்க வீட்டுக்காரரும் ஒரு வேலைக்கும் நகராம பொணம் மாதிரிதான் கிடக்காரு, உங்க மாமாவா இருந்தா வந்து கூட்டிட்டுப் போயிடுங்க" என்றாள். எல்லோரிடமும் அக்கா ஒரே கேள்வியைக் கேட்டாள்: காருக்குள் வேறென்ன இருந்தது? ஒருவர் ஸ்டெப்னி என்றார். ஒருவர் புதையல் என்றார். அழைப்புகள் ஓய்ந்தன. அக்காவின் சிரிப்பும் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்தது. பல் டாக்டர் தப்பான கியரைப் போட்டபோதுகூட அவள் கத்தவில்லை. அவருக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

பிறகு ஒரு காலை. பள்ளி வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். ஒல்லியான ஆள், அழகாகச் சீவிய வெள்ளை முடி, இஸ்திரி போட்ட சட்டை. எல் போர்டு மாட்டிய காரைச் சுற்றி வந்து பார்த்தார். டயரை ஒரு தட்டுத் தட்டினார்.

"ஓட்டக் கத்துக்கணும்" என்றார்.

அக்கா பதிவு அட்டையை எடுத்தாள். "இதுக்கு முன்னாடி ஓட்டியிருக்கீங்களா?"

"ஒரே ஒரு தடவை. பிரேக் எதுன்னு தெரியாம போச்சு."

அக்காவின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. அதை எடுக்காமலே கேட்டாள். "காருக்குள்ள... வேறென்ன இருந்துச்சு?"

"ஒரு சிவப்புக் குடை. என் தங்கச்சியோடது. நீந்திக் கரைக்கு வந்தப்புறம் அதுக்காகத்தான் திரும்பவும் முங்கினேன், ஆனா கிடைக்கல." பெரியவர் குரல் இறங்கியது. "நீங்க யாரும்மா? அந்த அறிவிப்புல மாமான்னு போட்டிருந்துச்சே. எனக்கு ஏது மருமகள்? என் தங்கச்சி போயிட்டாளே."

"யார் சொன்னது?"

"பேப்பர்தான். தூரத்து ஊருல முடிவெட்டற கடை வச்சிருக்கேன். வர்றவங்க படிக்கட்டும்னு இந்த ஊர்ப் பேப்பரையும் வாங்குவேன். அதுல அப்பா போன செய்தி வந்துச்சு. கிளம்பி வந்துடலாம்னு சட்டையெல்லாம் மாட்டிட்டேன். கீழ பிள்ளைங்க பேரைப் பாத்தா, என் பேரு இல்ல, அது நியாயம். தங்கச்சி பேரும் இல்ல. யாரோ ஒரு மருமகன் பேரு மட்டும் இருந்துச்சு, முன்னப்பின்ன கேள்விப்படாத பேரு. அப்பாவுக்கு முன்னாடியே அவ போய்ச் சேர்ந்துட்டா, இனி அங்க எனக்கு யாருன்னு சட்டையைக் கழட்டிட்டேன்."

அந்த மருமகன் கிளட்ச் அக்காவின் அப்பா. அக்கா எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடியும் எழுந்தாள். சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, எது முந்துவது என்று இரண்டும் அடித்துக்கொண்டன. "மாமா! அது அவங்க வழக்கம் மாமா! கல்யாணமான பொண்ணு பேரைப் போட மாட்டாங்க, பாவிங்க! உங்க தங்கச்சி வீட்டுல துணி மடிச்சிட்டு இருக்கா!"

பெரியவர் காரின் கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "அப்ப நாங்க ரெண்டு பேருமே பேப்பர்லதான் செத்தோமா?" என்று கேட்டுவிட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். அம்மாவின் முகத்தில் என்றோ ஒருநாள் மட்டும் வரும் அதே சிரிப்பு. அவர் கண்களும் காணாமல் போயின.

வீடு அடுத்த தெருதான். ஆனால் மாமாவுக்குக் கால் ஓடவில்லை, அக்காவுக்கோ கால் நிற்கவில்லை. "அம்மா! அம்மா!" என்று தெருவெல்லாம் கேட்க ஓடினாள். அம்மா வாசலுக்கு வந்தாள். பின்னால் வரும் ஆளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். எவ்வளவு வெள்ளை முடி இருந்தாலும், கூடப்பிறந்தவன் நடக்கிற நடை தெரியாதா?

முதலில் வாயைத் திறந்தது அம்மாதான்.

"என் குடை எங்க?"

"குளத்துல, பாப்பா."

"தேடினியா?"

"முங்கித் தேடினேன்."

"அப்ப சரி" என்று சொன்ன அம்மா, அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கதறிவிட்டாள். அழுகைக்கு நடுவிலேயே திட்டு, திட்டுக்கு நடுவிலேயே சிரிப்பு. "எத்தனை பூ போட்டிருக்கேன் உனக்கு! அந்தக் குளத்து மீனுங்க உன் பேரைச் சொல்லித் தின்னு கொழுத்துப் போயிருக்கும்!"

சாயங்காலம் மாமா பிடிவாதமாக இருந்தார். விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், குளம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திக் காட்ட வேண்டும். அக்காவுக்கு மறுப்புச் சொல்ல மனம் வரவில்லை. அவர் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். பயிற்சிக் காரில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பல் டாக்டர் ஊர்வலம் பார்க்கிறவர் மாதிரி தெருவோரம் நின்றார்.

அப்போது பின்கதவு திறந்தது. அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே ஏறி உட்கார்ந்தாள். அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"என்ன பாக்கற? இவன் தனியா போனா திரும்பி வர மாட்டான். கதவைச் சாத்து."

கார் விக்கியது, நின்றது, மறுபடியும் விக்கியது. "கிளட்ச் மாமா, கிளட்ச்!" ஒருவழியாக நடை வேகத்தில் உருண்டது. சைக்கிள்காரர்கள் முந்திப் போனார்கள். நாய் ஒன்று கூடவே நடந்து வந்து, அலுத்துப்போய்த் திரும்பியது. பின்னாலிருந்து அம்மா, "பாத்து அண்ணா, பாத்து அண்ணா" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். சாலையின் முனையில் குளம் தெரிந்தது. சரிவு வந்தது. மாமாவின் கைகள் ஸ்டீயரிங்கில் இறுகின. கால் எதையோ தேடியது. அக்கா எந்தச் சத்தமும் இல்லாமல் தன் பிரேக்கை மிதித்தாள்.

தண்ணீருக்கு நல்ல தூரம் இருக்கும்போதே கார் நின்றது.

மாமா திரும்பினார். முகமெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா பாப்பா? நிறுத்திட்டேன்! பாத்தியா மருமகளே?"

"பாத்தேன் மாமா. நீங்கதான் நிறுத்தினீங்க."

பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா முன்பக்கம் குனிந்து, மகளின் காலைப் பார்த்தாள். பிறகு மகளின் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஆமா, நல்லா நிறுத்தினான்" என்றாள். "இன்னொரு ரவுண்டு போலாம்."